ஞாயிறு முழுக்கக் கடை திறக்கலாமா? மேரிக்கு (நகராட்சி அலுவலகத்துக்கு) என்ன பதில் எழுத?

கிழக்குக்கரைக் கடைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இந்த ரெயூனியன் பிரெஞ்சுத் தீவில் கடை வைத்திருப்பவர்கள், கடையில் வேலை பார்ப்பவர்கள், சும்மா சாமான் வாங்குபவர்கள், யாராக இருந்தாலும் ஒரு யோசனை சொல்லுங்கள்.

எங்கள் ஊர் வியாபாரிகள் சங்கத்திலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. 2026ல் எந்தெந்த ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்கக் கடை திறக்க விடலாம் என்று மேரிக்கு எழுதிக் கொடுக்கப் போகிறார்களாம். சட்டம் அனுமதிக்கும் பன்னிரண்டு ஞாயிறையும் கேட்டுப் பட்டியல் போட்டாகிவிட்டது. கீழே இரண்டு கட்டம்: சம்மதம், சம்மதமில்லை. நடுவில் ஒன்றும் கிடையாது. 2026 பட்டியலை மேயர் 2025 டிசம்பர் 31க்குள் முடிவு செய்தாக வேண்டும், அதனால் அவசரம். 2026 மார்ச்சில் மேரி தேர்தல் வேறு வருகிறது. யார் கேட்டாலும் தலையாட்டும் காலம் இது.

புதிதாக வந்தவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுச் சாமான் விற்கும் கடைகள் ஞாயிறு மதியம் ஒரு மணி வரை யாரையும் கேட்காமல் திறக்கலாம். ரொட்டிக் கடை, பூக்கடைக்கு நாள் முழுக்க விலக்கு உண்டு. எங்களைப் போல் துணிமணி விற்பவர்கள் வேலையாள் வைத்து ஞாயிறு திறக்க வேண்டுமானால் மேயர் கொடுக்கும் ஞாயிறுதான் வழி. முன்பு வருடத்துக்கு ஐந்து. 2015ல் வந்த மக்ரோன் சட்டம் அதைப் பன்னிரண்டாக்கியது. ஐந்துக்கு மேல் போனால் சுற்றுவட்ட நகரக் கூட்டமைப்பின் கருத்தையும் கேட்க வேண்டும்.

என் கடை சின்னது. சேலை, சுடிதார், வேட்டி, குத்துவிளக்கு, கற்பூரம், குங்குமம், ஒரு மூலையில் அப்பளமும் ஊறுகாயும். வேலைக்கு ஒரே ஒரு பெண், இந்த ஊர் மலபார் (முன்பே வந்து குடியேறிய தமிழ் வம்சாவளி) வீட்டுப் பிள்ளை, தமிழ் நாலு வார்த்தை தெரியும், வியாபாரம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஞாயிறு வருகிறாயா என்று கேட்டேன். “சரி அக்கா” என்றாள். வாய்தான் சரி சொன்னது, முகம் சொல்லவில்லை. இந்தத் தீவில் ஞாயிறு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். காலையிலேயே அண்டாவைத் தூக்கி வண்டியில் போட்டு எர்மித்தாஜ் கடற்கரைச் சவுக்குத் தோப்புக்குப் போய் இடம் பிடிப்பார்கள். இல்லையென்றால் கோயில். இங்கே முக்கால்வாசிக் கோயில் விசேஷம் ஞாயிற்றுக்கிழமையில்தான் வைக்கிறார்கள், மற்ற நாளில் எல்லாருக்கும் வேலை.

அப்புறம் கணக்கு. மேயர் ஞாயிறில் வேலை பார்ப்பவருக்குக் குறைந்தது இரட்டைக் கூலி. அதோடு அதே அளவு நேரம் வேறொரு நாளில் ஓய்வும் கொடுக்க வேண்டும். 2025ல் சட்டப்படிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.88 யூரோ. ஐந்து மணி நேரத்துக்கு 118.80 யூரோ, அதற்கு மேல் என் பங்குக் காப்பீட்டுப் பணம். மூன்றில் ஒரு பங்கு எனக்கு நிற்கும் என்று வைத்தாலும், 360 யூரோவுக்கு விற்றால்தான் அவள் கூலி மட்டும் வரும். மின்சாரம், வாடகை எல்லாம் தனி. தீபாவளிக்கு முந்தைய வாரம் என்றால் அந்தப் பணம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். சாதாரண ஞாயிறு மதியம் எங்கள் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது, ரோட்டோரம் கோழி வாட்டி விற்கும் வண்டிக்கு முன்னால் தவிர.

ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய வளாகத்துக்கு இந்தப் பன்னிரண்டும் லாபம், சந்தேகமில்லை. அங்கே வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு விளையாட்டும் இருக்கிறது. நான் சம்மதம் என்று போட்டால் அவர்களுக்காகப் போட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று ஒரு பக்கம். வேண்டாம் என்றால் தீபாவளி ஞாயிறும் கையை விட்டுப் போகுமே என்று இன்னொரு பக்கம். என்ன எழுதட்டும்?

கேஸ் நம்பர் ஏழு எழுதியது:

அக்கா, நான் ஒரு பெரிய மளிகைக் கடையில் கேஸில், அதாவது பணம் வாங்கும் இடத்தில், உட்காருகிறேன். பெயர் வேண்டாம். ஞாயிறு காலை வேலை எங்களுக்கு வழக்கம், கொந்த்ராவிலேயே (வேலை ஒப்பந்தத்திலேயே) எழுதியிருக்கிறது. மேயர் ஞாயிறுக்குத்தான் ‘விருப்பமுள்ளவர் மட்டும், அதுவும் எழுத்தில்’ என்ற பாதுகாப்பு. மளிகைக் கடையின் ஞாயிறு காலைக்கு அது பொருந்தாது. இரட்டைக் கூலியும் கிடையாது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடையென்றால் 30 சதவீதம் கூடுதல், அவ்வளவுதான். நாலு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 14 யூரோ சொச்சம் வருகிறது. ஞாயிறு பஸ் குறைவு என்பதால் பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியில் வருகிறேன், பெட்ரோலுக்கு அவருக்கு ஐந்து யூரோ.

ஞாயிறு 12.45க்கு எங்கள் கடைக்கு வந்து பாருங்கள். ஷட்டரைப் பாதி இறக்கியிருப்போம். அதற்கு அடியில் குனிந்து உள்ளே வருவார்கள், பெரிய பெரிய ஆட்கள், கையில் கடற்கரைப் பை. “ஒரு நிமிஷம், கரி மட்டும்” என்பார்கள். கரி எடுக்கப் போனவர் கோழி, பீர், ஐஸ், பிளாஸ்டிக் தட்டு எல்லாம் தள்ளுவண்டி நிறையக் கொண்டுவருவார். அவர் போய், காசு எண்ணி, நான் வெளியே வரும்போது இரண்டாகிவிடும். ஒரு மணிக்கு மூடினால் இரண்டு. ஆறு மணிக்கு மூடினால் ஏழுக்குத்தான் வெளியே வருவேன், அப்போது பஸ்ஸே இருக்காது.

திறக்கிற நேரத்தைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். மூடிய பிறகு உள்ளே நடக்கும் வேலையைக் கணக்கில் வைப்பதே இல்லை.

உங்கள் கடைப் பெண்ணிடம் இன்னொரு தடவை கேளுங்கள். முதலாளி முகத்தைப் பார்த்து யார் முடியாது என்பார்கள்? தாளில் எழுதித் தரச் சொல்லி இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள்.

ராத்திரி டியூட்டி எழுதியது:

எல்லாரும் திட்டுவீர்கள், பரவாயில்லை. ஞாயிறு மாலை ஆறு வரை திறக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெள்ளி, சனி ராத்திரி வேலை முடித்து ஞாயிறு காலை வீட்டுக்கு வந்து விழுந்தால், கண் திறக்கும்போது மணி இரண்டு. வீட்டில் பால் இருக்காது, பிள்ளைக்கு மறுநாள் பள்ளிக்கு எடுத்துப்போக ஒன்றும் இருக்காது. சீனக் கடையும் மூடியிருக்கும். பெட்ரோல் பங்கில் போய் இரண்டு மடங்கு விலைக்கு வாங்குகிறேன். எங்களுக்கு ஞாயிறு கிடையாது என்று யாராவது தாள் அனுப்பிக் கேட்டார்களா?

பெலால் சூறாவளி வந்தது நினைவிருக்கிறதா? 2024 ஜனவரி 14, ஞாயிற்றுக்கிழமை. அன்று ராத்திரி எட்டு மணிக்குச் சிவப்பு எச்சரிக்கை, அப்புறம் யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது. அதற்குள் தண்ணீர், மெழுகுவர்த்தி, பேட்டரி வாங்க எத்தனை கூட்டம்! அந்த மாதிரி நாளிலும் கடிகாரம் பார்த்து ஷட்டர் இறக்கச் சொல்வீர்களா?

கேஸ் நம்பர் ஏழு எழுதியது:

அக்கா, கோபப்படாதீர்கள். சூறாவளிக்குத் திறக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வேலை வேறு, என் வேலை வேறு. நீங்கள் ஞாயிறு வராவிட்டால் ஓர் உயிர் போகும். நான் வராவிட்டால் யாரோ ஒருவர் தக்காளியைச் சனிக்கிழமையே வாங்கி வைப்பார்.

பால் விஷயத்துக்கு ஒன்று: அரை லிட்டர், ஒரு லிட்டர் நீண்டநாள் பால் பெட்டி ஒன்று வீட்டில் போட்டு வையுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் செய்கிறேன். ஞாயிறு எங்கள் கடையில் வாங்க எனக்கே நேரம் கிடைப்பதில்லை.

புதுவை மாமா எழுதியது:

தாயி, நான் பென்சன் வாங்கிக்கொண்டு தலைநகர் சேன் தெனியில் உட்கார்ந்திருப்பவன். எனக்கு எல்லா நாளும் ஞாயிறுதான், அதனால் என் பேச்சைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்.

தமிழ்நாட்டில் 2019லேயே பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளை 365 நாளும் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று அரசாணை போட்டார்கள். அதைச் சொல்லி இங்கே சில பேர் “பாருங்கள், நம் ஊர் எவ்வளவு முன்னேறிவிட்டது” என்கிறார்கள். கடையில் வேலை பார்ப்பவருக்கு உட்கார ஒரு நாற்காலி கொடுக்க வேண்டும் என்று அதே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2021ல்தான். இருபத்து நாலு மணி நேரம் முதலில் வந்தது, நாற்காலி இரண்டு வருடம் கழித்து வந்தது.

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட் உனக்குத் தெரிந்திருக்கும். பெரிய கடைக்காரன் ஞாயிறு கதவடைப்பான், அவன் வாசலில் சின்ன வியாபாரி தார்ப்பாய் விரித்துச் சட்டை, செருப்பு, பாத்திரம் எல்லாம் கொட்டி வைத்திருப்பான். நெரிசலில் நடக்க முடியாது. கடை மூடியிருப்பதால்தான் அந்தச் சந்தைக்கு இடம். இங்கேயும் ஷோத்ரோன் சந்தை புதனும் ஞாயிறும் காலையில் கூடுகிறது. நான் போகாத ஞாயிறு கிடையாது. முருங்கைக்காய், பாகற்காய், கறிவேப்பிலை எல்லாம் தோட்டத்துக்காரியே கட்டிக் கொண்டுவந்து வைத்திருப்பாள், முருங்கைக்காயை ஒடித்துப் பார்க்க விடமாட்டாள், அது ஒன்றுதான் குறை. வளாகத்துக்காரன் ஞாயிறு காலை முதல் ராத்திரி வரை திறந்து, தள்ளுபடி என்று பலகை வைத்தால் அவளிடம் யார் போவார்கள்?

நீ பெரிய வளாகம் என்கிறாய், வேலைக்காரப் பெண் என்கிறாய். இந்தச் சந்தைக்காரர்களை அந்தத் தாளில் யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்து எழுது.

கணக்குப்பிள்ளை 974 எழுதியது:

கடைக்காரி அக்காவுக்கு ஒரு விஷயம். நீங்கள் ஞாயிறு திறக்க மேயர் அனுமதியே தேவைப்படாமல் இருக்கலாம். ஞாயிறு ஓய்வுச் சட்டம் வேலையாளுக்கானது. வேலையாள் இல்லாமல் நீங்களே நின்று விற்றால், எந்த ஞாயிறும் திறக்கலாம். ஒரே ஒரு விதிவிலக்கு: உங்கள் தொழிலுக்கு வாரம் ஒரு நாள் கட்டாயம் மூட வேண்டும் என்று பிரெஃபே (தீவில் அரசின் தலைமை அதிகாரி) ஆணை போட்டிருந்தால் அது முதலாளி தனியாக நிற்கும் கடைக்கும் பொருந்தும். அப்படி ஆணை இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு ஆட்களை நிறுத்துவதென்றாலும் ஜாக்கிரதை. கணவருக்குக் கடையில் பதிவான நிலை இருந்தால் சரி. “தங்கை பிள்ளை சும்மா வந்து நிற்கிறான்” என்று வாராவாரம் நிறுத்தினால், தொழிலாளர் ஆய்வாளர் அதைப் பதிவு செய்யாத வேலை என்றுதான் எழுதுவார்.

அப்பளமும் ஊறுகாயும் இருக்கிறதே, மளிகைக் கடை என்று சொல்லி ஒரு மணி வரை பெண்ணை வைத்துத் திறக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடியாது. முதன்மையாக எது விற்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. இதில் ஒரு வேடிக்கை, சோபா விற்கும் கடைக்கு 2008லிருந்து ஞாயிறு விலக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சோபா வாங்கலாம், அதில் உட்காரக் கட்டிக்கொள்ளும் சேலையை வாங்க முடியாது.

பட்டியலில் என்னென்ன தேதி என்று போடுங்களேன்.

கிழக்குக்கரைக் கடைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை தம்பி, நானே நிற்கலாம் என்பது தெரியும், தீபாவளி சமயத்தில் தனியாக நிற்க முடியாது என்பதுதான் பிரச்சனை. ஒருத்தி சேலை விரிக்கச் சொல்வாள், ஒருத்தி போனில் ரவிக்கைப் படத்தைக் காட்டி இதே பச்சை இருக்கிறதா என்பாள், மூன்றாவது ஆள் கையில் காசோடு நிற்பார். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தூண்டிலைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார்.

தேதிகளை இப்போதுதான் காலண்டரோடு வைத்துப் பார்த்தேன். 2026ல் தீபாவளியே ஞாயிறு, நவம்பர் 8. அன்றைக்கு எவள் கடைக்கு வருவாள்? சங்கத்துக்காரர்கள் அந்த நாளைப் போட்டிருக்கிறார்கள், ‘தீபாவளி’ என்று பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அன்று பண்டிகை முடிந்த கதை. எனக்கு வேண்டியது அக்டோபர் 25, நவம்பர் 1. முதல் தேதி தூசான், கல்லறைக்குப் பூ வைக்கப் போகும் நாள், அதனால் அது வேண்டுமா என்று பெண்ணிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

டிசம்பரில் நாலு ஞாயிறும் பட்டியலில் இருக்கிறது. அதில் ஒன்று 20ஆம் தேதி. 1848ல் இந்தத் தீவில் அடிமைத்தனம் ஒழிந்த நாள், எல்லாருக்கும் விடுமுறை. அந்த நாளில் விருப்பம் எழுதி வாங்கி ஆளை வேலைக்கு நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. கிறிஸ்துமஸ் வியாபாரம் என்பார்கள், செய்யட்டும், என் கையெழுத்து இல்லாமல் செய்யட்டும்.

பெண்ணிடம் மறுபடி கேட்டேன், கேஸ் தம்பி சொன்னபடி. நேற்று ஒரு துண்டுச் சீட்டு கொண்டுவந்து கொடுத்தாள். வருடத்தில் மூன்று ஞாயிறு காலை வரலாம், மதியம் இரண்டுக்கு மேல் முடியாது, அம்மா கோயிலில் தீமிதி இருக்கும் மாதம் கேட்கவே கூடாது என்று எழுதியிருக்கிறாள். அதை அப்படியே ஒத்துக்கொண்டேன்.

இரண்டு கட்டத்திலும் குறி போடாமல் தனிக் கடிதமாக எழுதலாம் என்றிருக்கிறேன்: பன்னிரண்டு வேண்டாம், ஐந்துக்கு மேல் வேண்டாம், தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு கட்டாயம் வேண்டும், டிசம்பர் 20 வேண்டாம், சந்தைக்காரர்களையும் கேளுங்கள். மாமா, என் பிரெஞ்சு கடைப் பிரெஞ்சு. கடிதத்தை ஒரு தரம் பார்த்துத் தருவீர்களா?

புதுவை மாமா எழுதியது:

அனுப்பு தாயி. ஞாயிறு காலையில் மட்டும் அனுப்பாதே, சந்தையில் இருப்பேன்.