நிறையும் இயற்பியல் பண்புதானே, அப்புறம் ஏன் அதை வச்சு பொருள் என்னன்னு சொல்ல முடியாது?

தேன்சிட்டு:
எல்லாருக்கும் வணக்கம். இயற்பியல் பண்புகள்னு பாடத்துல நிறம், நிறை, பருமன், அடர்த்தி, உருகுநிலை, கொதிநிலை எல்லாத்தையும் ஒரே பட்டியல்ல போட்டிருக்காங்க. ஆனா பயிற்சியில "ஒரு துண்டு உலோகத்தோட நிறை 54 கிராம், அது என்ன உலோகம்?"னு கேட்டுட்டு விடை "சொல்ல முடியாது"ன்னு இருக்கு. நிறையும் பண்புதானே, ஏன் முடியாது? இன்னொன்னு, தீப்பிடிக்கிறதை கண்ணால பார்க்க முடியுது, அது ஏன் இந்தப் பட்டியல்ல இல்ல?

கல்நார்:
54 கிராம் இரும்பும் இருக்கும், 54 கிராம் செம்பும் இருக்கும், 54 கிராம் உப்பும் இருக்கும், அதனால நிறையை மட்டும் வச்சு எதுவும் சொல்ல வராது. அதே துண்டை மெஷரிங் சிலிண்டர்ல தண்ணிக்குள்ள போட்டு பாருங்க, தண்ணி 20 மில்லி ஏறுதுன்னு வைங்க, 54ஐ 20ஆல வகுத்தா ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம் வருது, அது அலுமினியத்தோட அடர்த்தி. இப்போ துண்டை பாதியா வெட்டுங்க. நிறை 27 ஆயிடும், பருமன் 10 ஆயிடும், ஆனா வகுத்தா மறுபடியும் அதே 2.7 தான். நிறையும் பருமனும் எவ்வளவு பொருள் இருக்குங்கறதை சொல்லுது, அடர்த்தி அது என்ன பொருள்ங்கறதை சொல்லுது. உருகுநிலை, கொதிநிலையும் இந்த ரெண்டாவது வகைதான், ஒரு சிட்டிகை உப்பா இருந்தாலும் ஒரு மூட்டை உப்பா இருந்தாலும் 801 டிகிரி செல்சியஸ்லதான் உருகும். பாடத்துல இந்த ரெண்டையும் பிரிச்சு காட்டாம ஒரே பட்டியல்ல கொட்டிடறதுதான் இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம்.

வெண்பனி:
தீப்பிடிக்கிறதை பத்தி நான் சொல்றேன். கண்ணால பார்க்க முடியுதாங்கறது கணக்கு இல்ல, சோதிச்சு முடிச்சப்புறம் அதே பொருள் கையில இருக்கான்னு பாருங்க. மெழுகை உருக்கினா உருகினதும் மெழுகுதான், ஆறினா திரும்ப கெட்டியாயிடும். எரிச்சா அது கார்பன் டை ஆக்சைடும் நீராவியுமா போயிடுது, மெழுகு இல்ல. அதனால எரியும் தன்மை வேதிப் பண்பு. உப்பு தண்ணில கரையறது இயற்பியல் பக்கம், தண்ணியை வத்த வச்சா உப்பு திரும்ப கிடைக்கும். சர்க்கரையை உருக்கறதுல மட்டும் கவனமா இருங்க, அது உருகும்போதே சிதையவும் ஆரம்பிச்சு பழுப்பாகும், அதை வெறும் நிலைமாற்றத்துக்கு உதாரணமா எழுதாதீங்க.

தேன்சிட்டு:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும், இப்போ புரியுது. அப்போ அடர்த்தி ஒண்ணு தெரிஞ்சா போதும், பொருளை கண்டுபிடிச்சிடலாமா?

கல்நார்:
போதாது. தங்கத்துக்கு 19.3, டங்ஸ்டனுக்கு 19.25, சாதாரண தராசுல இந்த வித்தியாசம் பிடிபடவே படாது. ஆனா தங்கம் 1064 டிகிரில உருகும், டங்ஸ்டன் 3422 டிகிரி வரைக்கும் தாங்கும். அதனால ஒரு பண்பை வச்சு சந்தேகப்படலாம், ரெண்டு மூணு ஒத்துப்போனாதான் உறுதியா சொல்லலாம். நிறத்தை கடைசியா நம்புங்க, ஹேமடைட் கல்லு பல சமயம் கருப்பு சாம்பலா மின்னும், அதையே பொடி பண்ணினா செக்கச்செவேல்னு இருக்கும், ரெண்டும் ஒரே இரும்பு ஆக்சைடுதான்.

நீர்த்துளி:
இதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க, எந்த நிலைமையில அளந்தீங்கன்னும் எழுதணும். தண்ணி 100 டிகிரில கொதிக்குங்கறது கடல் மட்ட காற்றழுத்தத்துக்குத்தான், 3000 மீட்டர் உயரத்துல சுமார் 90லயே கொதிச்சிடும். அடர்த்தியும் அப்படித்தான், தண்ணிக்கு 4 டிகிரில 1.000, 25 டிகிரில 0.997. பரிசோதனை நோட்டுல வெப்பநிலை எழுதாம வெறும் எண்ணை மட்டும் எழுதி வச்சா, இன்னொருத்தர் தன்னோட அளவை அதோட வச்சு சரிபார்க்கவே முடியாது.