சீடிங்: தரவரிசையா, விதைப்பா, நடவா?

> டென்னிசில் வரும் 'சீடிங்' (seeding) என்பதற்குத் தமிழில் 'தரவரிசை' என்றே போட்டுவிடலாமே, பழகிய சொல்தானே?

பழகிய சொல்தான். ஆனால் அது 'ராங்கிங்'குக்கு என்றைக்கோ குடிபோய்விட்டது. கணினித் தரவரிசை டென்னிசுக்கு வந்தது 1973இல். விம்பிள்டனில் முழுமையான சீடிங் 1927இலேயே வந்துவிட்டது. தரவரிசை ஆட்டக்காரருக்குத் தரும் மதிப்பு. சீடிங் ஒரு போட்டிக்கு மட்டுமே உரிய ஏற்பாடு: வலுவானவர்கள் முதல் சுற்றுகளிலேயே மோதிக்கொள்ளாதபடி, ஆட்ட அட்டவணையில் அவர்களை எட்ட எட்ட வைப்பது. விம்பிள்டனில் 1927க்குமுன், 1924இல், அரைகுறையாக ஒன்று செய்தார்கள்: ஒரே நாட்டவர் நால்வர்வரை அட்டவணையின் வெவ்வேறு கால்பகுதிகளில் போடப்பட்டார்கள்.

> அப்படியானால், 'சீட்' என்றால் விதைதானே, நேராக 'விதைப்பு'?

விதைப்பு என்றதும் கைவீசித் தூவுவதுதான் நினைவுக்கு வருகிறது. அது குலுக்கலுக்குத்தான் பொருந்தும். கயிறு பிடித்து, இடைவெளி பார்த்து நாற்றை ஊன்றுவது நடவு. என் பரிந்துரை அதுதான்: சீடிங் = நடவு; சீட் 1 = நடவு எண் 1.

1927 விம்பிள்டன் ஆடவர் ஒற்றையரில் வைத்துப் பாருங்கள். நடவு எண் 1 லகோஸ்ட், 2 டில்டன், 3 போரோத்ரா, 4 கோஷே. நால்வரும் அரையிறுதிக்கு வந்தார்கள். நட்ட கணக்கு பிசகவில்லை. போரோத்ரா லகோஸ்டை வீழ்த்தினார். இன்னொரு அரையிறுதியில் டில்டன் முதல் இரண்டு செட்டையும் எடுத்து, மூன்றாவதில் 5-1 என்று நின்றார். அங்கிருந்து கோஷே தொடர்ந்து 17 புள்ளிகள் எடுத்து, ஐந்தாவது செட்டில் வென்றார். இறுதியிலும் இரண்டு செட் பின்தங்கி, ஆறு மேட்ச் பாயின்டுகளிலிருந்து (இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி என்ற நிலை) தப்பிக் கோப்பை வாங்கியவர் அவரே. 'தரவரிசையில் நான்காமவர் வென்றார்' என்று எழுதினால், உலகிலேயே நான்காமவர் என்றல்லவா படிப்பவர் நினைப்பார்? 'நடவு எண் 4 கோஷே' என்பதில் அந்தக் குழப்பம் இல்லை.

> சீடிங்கில் இடம்பெறாத ஆட்டக்காரரைக் குறிக்கும் 'அன்சீடெட்'டுக்கு என்ன செய்வீர்கள்?

இடிப்பது அங்கேதான். 'நடவுபெறாதவர்' என்று எழுதிப் பார்த்தேன். ஏதோ மானியம் கிடைக்காத விவசாயிபோல ஒலிக்கிறது. 'நடவிலி' சுருக்கம், ஆனால் ஏச்சுபோல் இருக்கிறது. இந்த ஒன்றுக்கு மட்டும் வேறு சொல் இருந்தால் தாருங்கள்.