கிரியான் ஆற்றில் சேரும் ஓடை: தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் பக்கம் கிரியான் ஆற்றில் போய்ச் சேரும் ஒரு சின்ன ஓடையைப் பற்றியும், அதை ஒட்டியிருந்த தோட்டங்கள், கம்பங்களைப் (கிராமங்களைப்) பற்றியும் எழுதி வைக்க நினைக்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் கரும்பு, அப்புறம் ரப்பர், இப்போது செம்பனை (எண்ணெய்ப்பனை). தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் போய்விட்டன. ஓடை மட்டும் இருக்கிறது. செம்பனை மட்டைகள் அடைத்து, தண்ணீர் தேநீர் நிறத்தில் தேங்கி நிற்கிறது. கரையில் ஒரு துவைகல், நடுவில் குழிந்துபோய்க் கிடக்கிறது. எத்தனை கைகள் துவைத்திருக்க வேண்டும்!

கலிடோனியா, பைராம் தோட்டங்கள் பக்கத்துப் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள்: ஓடை எங்கே தொடங்கியது? கடல் பெருக்கில் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறுமா? யார் எந்தத் துறையில் குளித்தார்கள்? பழைய படங்கள் இருந்தாலும் அனுப்புங்கள். விவரம் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதுதான் என் கவலை. குரல்பதிவாக அனுப்பினாலும் சரி, நானே எழுதிக்கொள்கிறேன்.