அப்பாவ ஐசியூல குப்புற போட்டிருக்காங்க, இது சரியா?

வயக்காட்டான் (மன்னார்குடி பக்கம்):
அப்பாவுக்கு எலிக்காய்ச்சல். வெடிப்பு விழுந்த காலோட நாத்தங்கால் சேத்துல நின்ன மனுஷன், அது நுரையீரல் வரைக்கும் போயி இப்ப தஞ்சாவூர்ல வென்டிலேட்டர்ல கெடக்காரு. இன்னைக்கு சாயங்காலம் கண்ணாடி வழியா பாத்தா குப்புற போட்டிருக்காங்க, முதுகுல ஈசிஜி ஸ்டிக்கரு, ஒரு கன்னம் தலகாணில அமுங்கி மூஞ்சி பணியாரமா உப்பிக் கெடக்கு. நாளைக்கு காலைல வரைக்கும் இப்படித்தான்னுட்டு டாக்டர் போயிட்டாரு. மூச்சு விடவே முடியாத ஆள குப்புற போட்டா முட்டாதா? அம்மா சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்கு.

நைட்டூட்டி:
தம்பி பயப்படாதீங்க, நான் ஐசியூ நர்ஸ்தான். மல்லாக்க கெடந்தா இதயமும் வயிறும் நுரையீரலோட பின்பக்கத்த அமுக்கிரும், ரத்தம் அங்கதான் நெறைய ஓடும், ஆனா காத்து போகாது, கடைமடைக்கு தண்ணி வராத கததான். குப்புற திருப்புனா அந்த கடைமடை தொறக்கும். மயக்க மருந்து ஓடும், அவருக்கு ஒண்ணும் தெரியாது. திருப்புறதுதான் பெரிய வேல, ஒருத்தர் தலைமாட்டுல ட்யூப புடிச்சுக்கிட்டு எண்ணிச் சொல்ல, ரெண்டு பக்கமும் ஆள் நின்னு ஒரே மூச்சுல பொரட்டணும். அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா தலைய மறுபக்கம் வச்சு, கைய நீச்சலடிக்கிற மாதிரி மாத்துவோம். மூஞ்சி வீக்கம் தானா வத்திரும்.

திருவையாத்தான்:
எங்க சித்தப்பாவையும் 2021 கொரோனால இப்படித்தான் போட்டாங்க, ஆளு பொழச்சு வந்துட்டாரு, ஆனா தாடையில புண்ணு வந்து ஆற ஒரு மாசம். இப்பவும் ஷேவ் பண்ணும்போதெல்லாம் திட்டுவாரு. நெத்தி, தாடை, முட்டிக்கு மெத்துனு ஏதாவது வச்சிருக்காங்களான்னு கூச்சப்படாம கேளுங்க ப்ரோ.

மயக்கமருந்து:
நர்ஸ் அக்கா சொன்னது சரி. பிரான்ஸ், ஸ்பெயின் ஐசியூக்கள்ல 466 பேர வச்சுப் பண்ண ப்ரோசேவா ஆய்வு 2013ல வந்துச்சு. 28 நாள்ல மல்லாக்க இருந்தவங்கள்ல 32.8 சதவீதம் இறந்தாங்க, குப்புற போட்டவங்கள்ல 16 சதவீதம். சும்மா ரெண்டு மணி நேரம் போட்டா பத்தாது, ஒரு தடவைக்கு குறைஞ்சது 16 மணி நேரம், அதான் காலைல வரைக்கும்னு சொல்லியிருக்காங்க. எல்லாருக்கும் இது கெடையாது, ரொம்ப மோசமானவங்களுக்குத்தான், அதனால உங்ககிட்ட மழுப்ப மாட்டேன், அப்பா சீரியஸ்தான். வென்டிலேட்டர் எத்தன சதவீதம் ஆக்சிஜன் குடுக்குதுன்னு தெனமும் கேளுங்க, அது கொறைஞ்சா நல்லது.

வயக்காட்டான்:
காலைல மல்லாக்க திருப்பிட்டாங்கண்ணே. மிஷின்ல 80 சதவீதம் குடுத்துட்டிருந்த ஆக்சிஜன் இப்ப 60 போதுமாம், சாயங்காலம் மறுபடி குப்புறவாம். கடைமடை வெவரத்த அம்மாகிட்ட சொன்னேன், "அப்ப மொற வச்சு விடுறாங்களா"ன்னு கேட்டுட்டு ரெண்டு இட்லி சாப்ட்டுச்சு.