சேனல் கூடியும் வேகம் கூடாத அனுபவம் யாருக்காவது உண்டா?

எம்.ஈ. ப்ராஜெக்ட்டுக்காக லேப் தாழ்வாரத்தில் அட்ஹாக் நெட்வொர்க் போட்டோம். நடுவில் ஆக்சஸ் பாயிண்ட் கிடையாது, ஒரு நோடு (வலையில் உள்ள ஒரு கம்ப்யூட்டர்) அடுத்த நோடுக்கு டேட்டாவைக் கைமாற்றிவிட வேண்டும். ஒரே சேனலில் ஓட்டினால் நடுவில் இருப்பது வாங்கும்போது அனுப்ப முடியாது. இரண்டாவது ஹாப்பிலேயே, அதாவது இரண்டாவது கைமாற்றத்திலேயே, வேகம் பாதி. சரி என்று நடு நோடில் இரண்டு வைஃபை கார்டு போட்டு, ஒன்றை 1-ஆம் சேனலிலும் மற்றதை 11-லும் வைத்தோம். புத்தகப்படி இரண்டும் மோதாது.

வேகம் அளக்கும் ஐபெர்ஃப் மென்பொருளை ஓட்டினால் வேகம் ஏறவே இல்லை. ஒவ்வொரு கார்டும் தனியாக ஒழுங்காகத்தான் ஓடியது. பக்கத்துக் கார்டு அனுப்பத் தொடங்கியதும் மற்றது சரிந்தது. ஆன்டெனாக்களுக்கு நடுவே ஒரு சாண்கூட இல்லை. காதருகே ஒருவர் கத்தும்போது எதிர்வீட்டுப் பேச்சைக் கேட்கிற கதை. பக்கத்துக் கார்டின் சிக்னல் தூரத்து நோடிலிருந்து வருவதைவிட லட்சக்கணக்கான மடங்கு பலமானது. சேனல் வேறு என்றாலும் ஃபில்டர் அத்தனையையும் தடுக்காது. ஆன்டெனாவைக் கேபிள் போட்டு விலக்கினோம், கொஞ்சம் தேறியது. இரண்டு சேனலுமே 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தன; ஒரு கார்டை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிய பிறகுதான் உருப்பட்டது. 2004-ல் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் குழுவும் இதேபோல் கைமாற்றிவிடும் தங்கள் மெஷ் நெட்வொர்க் சோதனையில் ஒரு கார்டை 802.11ஏ-யிலும் (5 கிகாஹெர்ட்ஸ்) மற்றதை 802.11ஜி-யிலும்தான் (2.4 கிகாஹெர்ட்ஸ்) ஓட்டியது.

பதில்:
எங்களுக்குக் கார்டு வாங்கக் காசில்லை, எல்லாம் என்எஸ்-2 என்ற சிமுலேட்டரில்தான். நோடுக்கு ஒரே ரேடியோ, சேனல் மாறி மாறிப் பேச வேண்டும். வேறு சேனலில் இருந்த நோடுக்கு இங்கே போன சிடிஎஸ் (‘நீ அனுப்பு, மற்றவர்கள் பொறுங்கள்’ என்ற சிக்னல்) கேட்டிருக்காது. அந்த நோடு நேரே இந்தச் சேனலுக்கு வந்து நடுவில் அனுப்பி எல்லாவற்றையும் கெடுக்கும். இதற்கு சோ, வைத்யா என்ற ஆய்வாளர்கள் 2004-ல் சொன்ன எம்மேக் என்ற சேனல் பங்கீட்டு முறையை எழுதினோம். 100 மில்லிசெகண்டில் முதல் 20-ல் எல்லோரும் பொதுச் சேனலில் கூடி யார் எங்கே என்று பேசி முடிப்பார்கள். மோதல் குறைந்தது, ஆனால் ஐந்தில் ஒரு பங்கு நேரம் பேச்சுக்கே போனது. அப்புறம், எங்கள் டிராஃபிக் முழுக்க ஒரே கேட்வேக்கு (வெளி நெட்வொர்க்குக்கு வழிவிடும் நோடு) போனது. அதற்கு ஒரே ரேடியோ இருக்கும்போது மூன்று சேனல் கொடுத்து என்ன பயன்?

பதில்:
முதல் பதிவு போட்ட அண்ணா, பவரைக் குறைத்துப் பார்த்தீர்களா?

பதில்:
பார்த்தோம் தம்பி. பக்கத்துக் கார்டு தப்பித்தது, அடுத்த நோடு எட்டாமல் போய்விட்டது.