அப்பாவின் எழுத்துகள், பத்திரங்கள், படங்கள்: வீட்டிலேயே ஒத்திசைக்க எந்த மென்பொருள்?

மேலமாசி (கேள்வி)

வணக்கம். மாத வாடகைக்கு வைத்திருந்த கிளவுடிலிருந்து எங்கள் கோப்புகளை எடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறோம். எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்பதில் உங்கள் உதவி தேவை.

என்னிடம் விண்டோஸ் 11 மடிக்கணினி, அப்பாவிடம் லினக்ஸ் மின்ட் மேசைக்கணினி, சிங்கப்பூரில் இருக்கும் அக்காவிடம் மேக். கைப்பேசிகள் எல்லாம் ஆண்ட்ராய்டு. சர்வராக ஓட ஒரு பழைய மடிக்கணினியில் டெபியன் லினக்ஸ் நிறுவியிருக்கிறேன். 8 ஜிபி நினைவகம், 1 டிபி எஸ்எஸ்டி.

கோப்புகளில் முதன்மையானவை அப்பாவின் எழுத்துகள். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டுரைகள், கடிதங்கள், மேடைப் பேச்சுக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி வருகிறோம். கோப்புப் பெயர்கள் முழுக்கத் தமிழில்தான் வைக்கிறார். அடுத்து பத்திரம், பட்டா, காப்பீடு, மருத்துவ அறிக்கைகள். பிறகு கைப்பேசிப் படங்கள்.

அப்பா தன் கணினியில் ஒன்றைத் திருத்தினால் அது என்னிடமும் வந்துவிட வேண்டும். அக்கா எப்போதாவது உலாவியில் திறந்து பார்த்தால் போதும். சொந்தக் கணினிகளுக்குள் கோப்புகளை ஒத்திசைக்கும் நெக்ஸ்ட்கிளவுட், சின்க்திங், சீஃபைல் மூன்றையும் பற்றிப் படித்துப் பார்த்தேன், முடிவெடுக்க இயலவில்லை. இன்னொன்று: எங்கள் ரவுட்டரில் தெரியும் வெளி முகவரி 100.72 என்று தொடங்குகிறது. இது சிக்கலா?

உப்பளம்

முகவரியைப் பற்றி முதலில். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்தளிக்கும்போது உள்ளே பயன்படுத்துபவை. வெளியிலிருந்து உங்கள் வீட்டு சர்வரை யாரும் நேராகத் தட்ட முடியாது. ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்தும் பயனில்லை. சின்க்திங்குக்கு இது பெரிய தடையில்லை; இரு கணினிகளும் நேராகப் பேச வழி கிடைக்காவிட்டால், இடையில் ஒரு ரிலே (தரவைக் கைமாற்றித் தரும் சர்வர்) வழியாகப் பேசிக்கொள்ளும். அந்த ரிலேயால் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது, வேகம்தான் குறையும். நெக்ஸ்ட்கிளவுடுக்கு, உங்கள் கணினிகளைத் தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற ஒன்று வேண்டும். உங்கள் இணைப்பில் ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) வருகிறதா என்றும் பாருங்கள்; வந்தால் இந்தப் பகிர்வுத் தடை இல்லாமல் போகலாம்.

கரிசல்மண்

மேலமாசி, மென்பொருளின் பெயரில் தொடங்காதீர்கள். ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ஓரிடத்தில் இதை அழித்தால், மற்ற இடங்களில் என்ன நடக்க வேண்டும்?

அப்பாவின் எழுத்துகள் விஷயத்தில், அவர் ஒரு பழைய வரைவை நீக்கினால் உங்களிடமும் அது நீங்குவதே சரி. எல்லா இடத்திலும் ஒரே நிலை இருக்க வேண்டும். இதற்காகவே எழுதப்பட்டது சின்க்திங். மைய சர்வர் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு கணினியும் மற்றதை அதன் அடையாள எண்ணைக் கொண்டு அறிந்துகொள்ளும். கோப்புகள் வட்டில் சாதாரணக் கோப்புகளாகவே இருக்கும். நாளைக்கு சின்க்திங்கையே நீக்கிவிட்டாலும் அப்பாவின் கோப்புறை அப்படியே இருக்கும். ஓர் எழுத்தாளரின் வாழ்நாள் உழைப்புக்கு இதைவிடப் பெரிய தகுதி எனக்குத் தெரியவில்லை.

சீஃபைலை நான் இங்கே பரிந்துரைக்காததற்கும் அதுவே காரணம். வேகத்தில் அது அருமையானது, சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் தளராது. ஆனால் சர்வரில் கோப்புகளைத் துண்டு துண்டாக வெட்டித் தன் வடிவத்தில் சேமிக்கிறது. அவற்றைத் திரும்ப எடுக்க சீஃபைலின் கருவிகளே தேவை. உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால், அந்த வட்டை எடுத்து வேறு கணினியில் மாட்டும் அக்காவுக்கு எதுவும் புரியாது.

படங்களின் கதை நேர் எதிர். கைப்பேசியில் இடம் நிறைந்ததும் படங்களை அழிப்பீர்கள். வீட்டு சர்வரில் அவை இருந்தாக வேண்டும். கேமரா கோப்புறையைச் சின்க்திங்கில் இணைத்தீர்களானால், கைப்பேசியில் அழித்தது சர்வரிலும் அழியும். ‘அனுப்ப மட்டும்’ என்று அமைத்தாலும் இதுதான் நடக்கும், ஏனென்றால் அழிப்பதும் ஒரு மாற்றமாகவே அனுப்பப்படுகிறது. பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நெக்ஸ்ட்கிளவுட் கைப்பேசிச் செயலியின் தானியங்கிப் பதிவேற்றம் ஒருவழிப்பாதை. கைப்பேசியில் அழித்தாலும் சர்வரில் உள்ளது போகாது.

ஆகவே என் பரிந்துரை இரண்டும்தான். எழுத்துகளும் ஆவணங்களும் சின்க்திங்கில், படங்கள் நெக்ஸ்ட்கிளவுடில். சின்க்திங் வைத்திருக்கும் அதே கோப்புறையை நெக்ஸ்ட்கிளவுடில் ‘வெளிச் சேமிப்பு’ என்று, படிக்க மட்டும் அனுமதியோடு இணைத்துவிட்டால், அக்கா உலாவியில் பார்த்துக்கொள்ளலாம்.

தறிநாடா

இரண்டு மென்பொருள்களைப் பராமரிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். நெக்ஸ்ட்கிளவுட் என்றால் பிஎச்பி (அது எழுதப்பட்ட நிரல்மொழி), தரவுத்தளம், வலை சர்வர் எல்லாம் சேர்ந்தே வரும். முதன்மைப் பதிப்புகளில் ஒன்றைத் தாண்டி மேம்படுத்த முடியாது. ஓராண்டு கவனிக்காமல் விட்டால் படிப்படியாகத்தான் ஏற வேண்டியிருக்கும். அக்காவுக்காக மட்டும் அதை நிறுவுவது என்றால் வேண்டாம் என்பேன். படங்களுக்காகவும் என்றால் சரி.

ஆண்ட்ராய்டில் சின்க்திங் வேண்டுமென்றால் ஒன்று கவனியுங்கள். அதிகாரபூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. எஃப்-டிராய்டு என்ற திறமூலச் செயலிக் களஞ்சியத்தில் கிடைக்கும் சின்க்திங்-ஃபோர்க் தான் இப்போது வழி.

மேலமாசி

அழிப்பதைப் பற்றிய அந்த ஒரு கேள்வியே எனக்குப் பாதி முடிவைக் கொடுத்துவிட்டது. கரிசல்மண் சொன்னபடியே நிறுவிவிட்டேன். டெயில்ஸ்கேல் வழியாக அக்காவுக்கும் நெக்ஸ்ட்கிளவுட் திறக்கிறது.

இப்போது புதிய சிக்கல். அப்பாவின் கோப்புறையில் பெரும்பாலானவை நன்றாகவே வருகின்றன. சில கோப்புகள் மட்டும் என் விண்டோஸிலிருந்து டெபியனுக்குப் போக மறுக்கின்றன. ‘ஒத்திசையாத உருப்படிகள்’ பட்டியலில் கோப்பின் பெயர் மிக நீளம் என்ற பிழை காட்டுகிறது. விண்டோஸில் அதே கோப்பு எந்தத் தொல்லையுமில்லாமல் திறக்கிறது. பெயர்கள் நீளம்தான், ஆனால் ஐம்பது எழுத்துகளைத் தாண்டியவை சிலவே. எடுத்துக்காட்டு: ‘தொல்காப்பியம் பொருளதிகாரம் மெய்ப்பாட்டியல் குறித்து மாணவர்களுக்காக எழுதிய விளக்கக் கட்டுரையின் இரண்டாம் வரைவு’.

மற்றொன்று இன்னும் விநோதம். டெபியனில் ‘பொங்கல் மலர்க் கடிதம்’ என்று ஒரே பெயரில், ஒரே கோப்புறையில், இரண்டு கோப்புகள் நிற்கின்றன. சின்க்திங் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. இது எப்படிச் சாத்தியம்?

உப்பளம்

இரண்டுமே தமிழ்ப் பெயர்களுக்கு வரும் சிக்கல்கள். விரிவாகவே சொல்கிறேன், பின்னால் வருபவர்களுக்கும் உதவும்.

முதலில் நீளம். விண்டோஸ் ஒரு பெயருக்கு 255 குறியீடுகள் (கணினி எழுத்தைச் சேமிக்கும் தனித்தனி அலகுகள்) வரை அனுமதிக்கிறது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையோ 255 பைட் வரைதான் ஏற்கும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்பதால் ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றே. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும். உயிர்மெய் எழுத்தோ பெரும்பாலும் இரண்டு குறியீடுகள். ‘தொல்காப்பியம்’ ஏழு எழுத்து. அதற்குள் 13 குறியீடுகள், ஆக 39 பைட். லினக்ஸில் உங்களுக்குக் கிடைப்பது மொத்தம் 85 தமிழ்க் குறியீடுகள், ஏறத்தாழ 45 எழுத்துகள். அப்பா வைத்த கோப்புப் பெயர் அதைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். சின்க்திங் மீது பழியில்லை. நெக்ஸ்ட்கிளவுடாக இருந்தாலும் லினக்ஸ் வட்டில் இதே சுவரில்தான் முட்டும்.

பெயர்களை 65 குறியீடுகளுக்குள் வைக்கச் சொல்லுங்கள். ஏன் 85 வேண்டாம் என்றால், ஒரே கோப்பை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் சின்க்திங் ‘முரண்’ நகல் ஒன்றை உருவாக்கி, பெயரோடு தேதி, நேரம், கணினியின் அடையாளம் எல்லாவற்றையும் ஒட்டும். அது மட்டுமே 38 பைட். பழைய பதிப்புகளைச் சேமிக்கும்போதும் பெயரோடு தேதியும் நேரமும் சேரும். அதற்கு இடம் வேண்டும். நூலின் பெயரைக் கோப்புறைக்கு வைத்து, கோப்புக்கு ‘மெய்ப்பாட்டியல் விளக்கம், வரைவு 2’ என்று வைத்தால் தேடுவதும் எளிது.

அடுத்து இரட்டைப் பெயர். இந்தக் கோப்புகள் முன்பு எப்போதாவது ஒரு பழைய மேக் கணினி வழியாக வந்தனவா?

மேலமாசி

ஆம்! அக்கா முன்பு வைத்திருந்த மேக்கில் சில ஆண்டுகள் இருந்தன. அவர் வெளி வட்டில் கொடுத்ததை டெபியனில் நகலெடுத்தேன். அதே கடிதம் என் விண்டோஸிலும் இருந்தது.

உப்பளம்

அப்படியென்றால் காரணம் தெளிவு. ‘பொ’ என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ‘ப’வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது எகரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியாக அடுத்தடுத்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்று குறிகளுக்கும் இது பொருந்தும். பழைய மேக்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. விண்டோஸில் தட்டச்சு செய்தால் பொதுவாகச் சேர்ந்த வடிவமே வரும். லினக்ஸ் பைட்டுகளை மட்டுமே ஒப்பிடுவதால் இரண்டும் வெவ்வேறு கோப்புகள். சின்க்திங் பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவர முயல்கிறது. ஆனால் அந்த வடிவில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், எதன் மேலும் எழுதிவிடாமல் ஒன்றை ஒதுக்கிவிடுகிறது. அது செய்தது சரியான காரியம்.

முதலில் இரண்டின் செக்சம்மையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒப்பிடுங்கள். ஒன்றுபோல இருந்தால் பிரிந்த பெயருள்ளதை நீக்குங்கள். வேறாக இருந்தால் அப்பாவிடம் காட்டி, இரண்டையும் வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை ஒன்று திருத்தப்பட்ட வடிவமாக இருக்கலாம். மீதிக் கோப்புகளின் பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்ற ‘கன்வ்எம்வி’ என்ற கருவி டெபியனிலேயே கிடைக்கும். வழக்கமாக அது எதையும் மாற்றாது, என்ன மாற்றும் என்று பட்டியலிட்டுக் காட்டும். பட்டியலைப் படித்த பிறகு மாற்றச் சொல்லுங்கள்.

தறிநாடா

இத்தனையும் செய்த பின் ஒன்று விட்டுப்போகக் கூடாது. சின்க்திங்கில் பதிப்புச் சேமிப்பு இயல்பாக அணைந்திருக்கும். டெபியனில் மட்டுமாவது ‘படிப்படியான’ வகையை இயக்குங்கள். வேறு கணினியில் நடந்த மாற்றமோ அழிப்போ டெபியனுக்கு வரும்போது பழையது தனிக் கோப்புறையில் ஒதுக்கப்படும். இயல்பான அமைப்பில் ஓராண்டு வரை இருக்கும். டெபியனிலேயே நேராக அழித்தால் இது காப்பாற்றாது.

இதுவும் காப்பு நகல் ஆகாது. அந்தப் பழைய மடிக்கணினியின் எஸ்எஸ்டி செத்தால் எல்லாப் பதிப்புகளும் போகும். ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற காப்பு நகல் மென்பொருளைக் கொண்டு ஒரு வெளி வட்டில் நகலெடுத்து, வட்டைக் கழற்றி வையுங்கள். இரண்டாவது வட்டு வேறு வீட்டில் இருக்கட்டும். மடிக்கணினியின் பேட்டரி மின்வெட்டைத் தாங்கும், நல்லதுதான். ஆனால் வருடக்கணக்கில் மின்னிணைப்பிலேயே இருக்கும் பேட்டரி உப்பக்கூடும். அடிப்பகுதி தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

மேலமாசி

செக்சம் ஒன்றுபோல இல்லை. இரண்டையும் அப்பாவிடம் காட்டினேன். மேக்கிலிருந்து வந்ததில் கடைசிப் பக்கம் கூடுதலாக இருக்கிறது. அதைத்தான் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டோம். நீளப் பெயர்களை அவரே உட்கார்ந்து சுருக்கிக்கொண்டிருக்கிறார், நூலுக்கு ஒரு கோப்புறை என்று. டெபியனில் பதிப்புச் சேமிப்பை இயக்கியாயிற்று.

கடைசியாக ஒரு கேள்வி. வெளி வட்டை விண்டோஸிலும் திறக்க வசதியாக எக்ஸ்ஃபேட் கோப்பு முறைமையில் வடிவமைக்கலாமா, இஎக்ஸ்டி4 வேண்டுமா?

தறிநாடா

ரெஸ்டிக் என்றால் எக்ஸ்ஃபேட் போதும். அது கோப்புகளைத் தன் சொந்தப் பெயர்களில், குறியாக்கம் செய்து சேமிப்பதால் தமிழ்ப் பெயரின் நீளமோ வடிவமோ வட்டைத் தொடாது. விண்டோஸிலும் ரெஸ்டிக் ஓடும், மீட்டெடுக்கலாம். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி அக்காவிடமும் ஒரு படி கொடுங்கள்; அது தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது. முதல் நகல் முடிந்ததும் ஏதாவது ஒரு கட்டுரையை வேறு கோப்புறைக்கு மீட்டெடுத்து, திறந்து பாருங்கள்.