அபராத நாள் கணக்கு: அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். குளச்சல் பக்கத்துல மாமா சின்னதா ஒரு மீன் பதப்படுத்தும் ஷெட் வைத்திருக்கிறார். மீன் கழுவிய தண்ணீர் தொட்டி நிரம்பி, ஏ.வி.எம். கால்வாய்ப் பக்கம் போயிருக்கிறது. தப்பு எங்கள் மேல்தான். நாற்றம் தாங்காமல் ஊர்க்காரர்கள் புகார் கொடுத்ததையும் குறை சொல்ல முடியாது.

இப்போது சுற்றுச்சூழல் இழப்பீடு கட்டச் சொல்லி மாசு கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் சூத்திரப்படி ஆரஞ்சுப் பிரிவுக்கு (நடுத்தர அளவு மாசு உண்டாக்கும் தொழில்கள்) 50, சிறு தொழிலுக்கு 0.5, ரூபாய்க் காரணி 250, ஊர்க் காரணி (ஊர் மக்கள்தொகையைப் பொறுத்தது) 1. பெருக்கினால் ஒரு நாளைக்கு 6,250 ரூபாய். அதில் சண்டை இல்லை. சிக்கல் நாள் எண்ணிக்கையில்தான். 16ஆம் நாளே புதுத் தொட்டியும் கொழுப்புப் பிரிப்பானும் போட்டு முடித்துக் கடிதம் கொடுத்தோம். மறு ஆய்வுக்கு ஆள் வந்தது 63ஆம் நாள். சரிசெய்ததை அவர்கள் பார்த்து உறுதிப்படுத்திய நாள்வரை எண்ணி 3,93,750 ரூபாய் போட்டுவிட்டார்கள். 16 நாள் என்றால் ஒரு லட்சம்தான்!

தொட்டி கட்டிய பில், தேதியோடு போட்டோ, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை எல்லாம் கையில் இருக்கிறது. இதை வைத்து நாளைக் குறைக்கச் சொல்லி யாராவது மனு கொடுத்திருக்கிறீர்களா? சென்னை பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு போவதென்றால் உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் போக வேண்டும், அதில் 11 நாள் போய்விட்டது. நாகர்கோவில் பக்கம் இந்த வழக்கு பார்க்கிற வக்கீல் யாராவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்க மக்கா. "பேசி முடிச்சிடலாம்" என்கிற ஆட்கள் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே இரண்டு பேர் வந்து போயாச்சு.